சவரிமுத்து டிரெசரும் எங்கள் முதல் சனிக்கிழமைகளும்

செய்தி வந்தபோது நான் காலை நடைக்குக் கிளம்பி, ஒரு காலில் மட்டும் சப்பாத்து மாட்டியிருந்தேன். தொலைபேசி அடித்தது. சவரிமுத்து டிரெசரின் மகள் ரோசலின். "அங்கிள், அப்பா விடியக்காலையில போயிட்டாரு. நிமோனியா. ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு நெனச்சேன்," என்றாள். எனக்கு ஏன் முதலில் என்று நான் கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை. மற்ற சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாதா கோயிலில் பூசை நடந்துகொண்டிருக்கும்போது எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "ஊருக்கெல்லாம் நெஞ்சு பார்த்தவரு, கடைசியில அதுலயேதான் போனாராம்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. இடம் பொருள் பார்க்காமல் திரும்பி, "நெஞ்சு இல்ல, நுரையீரல். எழுபத்தாறு வயசு. நீங்க அந்த வயசத் தொடுங்க, அப்புறம் பேசலாம்," என்றேன். மனிதர் முகம் சுருங்கிப்போனது. பாவம், அவரும் என்ன செய்வார்? டிரெசர் கைபட்டு ஓர் உயிர் போனது என்று பதினாறு வருடமாக ஊர் பேசிய பேச்சின் ஒரு துண்டைத்தான் அவர் எடுத்துச் சொன்னார். அந்தப் பேச்சுக்கு விதை போட்டவன் நான்.

வாசகசாலை நண்பர்களே, சவரிமுத்து அண்ணனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி நீங்கள் கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றும் இதில் வரும். படித்துவிட்டு என்னைப் பற்றி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, காயம் கட்டி, பெரிய டாக்டர் வராத நாளெல்லாம் டாக்டராகவும் இருப்பவர். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடம் அந்த வேலை பார்த்து, ஓய்வு பெற்று, கடல் தாண்டி இந்தத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனுக்குக் குடிவந்தார். வந்த சில மாதங்களிலேயே நம் வாசகசாலைக்குள் பாதரச அழுத்தமானிப் பெட்டியோடு நுழைந்துவிட்டார். எழுபதுகளின் பிற்பாதி அது. எங்களில் பெரும்பாலோர் அரசாங்க எழுத்தர்கள். அவர் எங்களைச் சுற்றிப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. "தோட்டத்துல மரம் சீவுறவன் நடந்து நடந்தே கெழவனாயிடறான். இங்க பேனா புடிக்கிறவன் நாற்காலியிலயே முடிஞ்சிடறான்லா." நாங்கள் சிரித்தோம். சிரித்தவர்களில் மூன்று பேரை அடுத்த ஐந்து வருடத்துக்குள் தூக்கிக்கொண்டு போனோம்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, பத்து மணிக்கு, கேரம் பலகையை ஒதுக்கிவிட்டு அந்த மேசையில் பெட்டியைத் திறப்பார். காசு வாங்கமாட்டார், காபிகூடக் குடிக்கமாட்டார். கையில் பட்டையைச் சுற்றுவதற்கு முன் கேள்வி கேட்பார். நேற்று என்ன சாப்பிட்டாய், எத்தனை சிகரெட், எவ்வளவு தூரம் நடந்தாய், படியேறும்போது எங்கே நின்று மூச்சு வாங்கினாய். கருவாட்டையும் ஊறுகாயையும் பற்றிக் கேட்கும்போது மட்டும் போலீஸ்காரர் தோரணை வந்துவிடும். "உப்பு நாக்குக்குத் தெரியிற நேரம் அஞ்சு நிமிஷம். அதை ஒடம்பு நாள் பூரா சொமக்கணும்," என்பார்.

சோதனை முடிந்ததும் எங்களை நடத்தியே கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்கு அழைத்துப்போவார். நாசி கண்டார் சோறு வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் கேட்கிற கூட்டமா நாங்கள்? கடைக்காரரிடம் அவரே போய், "பாய், இவனுங்களுக்குக் குழம்ப மேல ஊத்தாதீங்க. ஓரமா வைங்க, தொட்டுக்கட்டும். சோறு பாதி, வெண்டிக்காய் ரெண்டு பங்கு," என்பார். பாய்க்கு அழுகை வராத குறை. "டிரெசரே, நாலு கொழம்பும் கலந்து ஊத்துனாத்தான் இதுக்குப் பேரே. நீங்க சொல்ற மாதிரி போட்டா என் கடைய மூடணும்," என்பார். "நான் சொல்ற மாதிரி போட்டா இவனுங்க இன்னும் இருவது வருஷம் ஒங்க கடைக்கு வருவானுங்க பாய். கணக்குப் பாருங்க," என்று இவர் பதில் சொல்வார். நான் இன்றும் அப்படித்தான் சாப்பிடுகிறேன். அந்த மேசையில் உட்கார்ந்த மற்றவர்களை நான் எண்ணுவதில்லை.

அவர் ஒரு தப்புச் செய்தார். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். எங்களுக்கு ரோஷம் வரட்டும் என்று அறிவிப்புப் பலகையில் பெயர்களை எழுதி, அழுத்தம் சரியாக இருப்பவர்களுக்கு நீலப் பென்சிலில் ஒரு கோடும், கூடுதலாக இருப்பவர்களுக்குச் சிவப்பில் ஒரு கோடும் போட ஆரம்பித்தார். எங்கள் கூட்டத்தைப் பற்றி அவருக்கு அப்போது முழுதாகத் தெரியாது. சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை எழுதி வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். எதைக் கொடுத்தாலும் பரீட்சையாக்கிவிடுவோம். போதாததற்கு, எங்கள் இலாகாவில் ஒருவரை அந்த வருடம்தான் மெடிக்கல் போர்டு வைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சிவப்புக் கோடு ஆபீசுக்குத் தெரிந்தால் பதவி உயர்வு போய்விடும் என்று எல்லோருக்கும் உள்ளுக்குள் உதறல்.

ஆகவே பரீட்சைக்குப் படித்தோம். முதல் சனிக்கிழமைக்கு முந்தைய புதன்கிழமையிலிருந்து கருவாடு கிடையாது, சிகரெட் கிடையாது. வெள்ளிக்கிழமை ஓவர்டைம் கிடையாது. ஒன்பது மணிக்குப் படுக்கை. வீட்டுப் பெண்களுக்கே எங்களைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. அலுவலகத்தில் தணிக்கை வருமுன் கோப்புகளைத் துடைத்து அடுக்குவோமே, அதே வேலை. இதற்கு 'ஆடிட் வாரம்' என்று பெயர் வைத்தவனும் நான்தான். சனிக்கிழமை மதியம் நீலக் கோடு விழுந்ததைப் பார்த்துவிட்டு, சாயங்காலமே பழைய குருடி கதவைத் திறடி என்று எல்லாம் திரும்பிவிடும். டிரெசர் பலகையைப் பார்த்து மகிழ்ந்துபோவார். "பரவாயில்லையே, சொன்னா கேக்குறீங்களே," என்று ஒரு தடவை அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருந்தேன்.

கதிரவேலு என் பக்கத்து மேசைக்காரர். நாற்பத்தைந்து வயது, யாழ்ப்பாணக் குடும்பம், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். தலைமை எழுத்தர் பதவி அவருக்குத்தான் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அந்த மாதம் அவருக்கு மாடி ஏறினால் நெஞ்சு இறுகியது. அவர் மனைவி பாக்கியம் அக்கா பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நச்சரித்திருக்கிறார். இவர், "சனிக்கிழமை டிரெசர் பார்க்கட்டும், அவர் போ எண்டால் போறன்," என்று தள்ளிப்போட்டிருக்கிறார். ஆனால் என்னிடம் வந்து சொன்னது வேறு. "கோபால், இந்த மாதம் எனக்குச் சிவப்பு விழுந்திடும். ரெண்டு கிழமையில இண்டர்வியூ. என்ன செய்யலாம்?"

எனக்கு அப்போதே அழுத்தம் இருந்தது. தனியார் கிளினிக்கில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கி, முதல் சனிக்கிழமையும் அதற்கு முந்தைய நாளும் மட்டும் விழுங்குவேன். தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை அது. ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கதிரவேலு கையில் வைத்தேன். "காலையில போட்டுக்கங்க. பத்து மணிக்கெல்லாம் எறங்கிடும்," என்றேன். பெரிய வைத்தியன் மாதிரி பேசினேன். நெஞ்சு இறுகுவதை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, ஏனென்றால் நானும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

சனிக்கிழமை அவருக்கு நீலம். டிரெசர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், "ஒண்டுமில்லை, நல்லாயிருக்கிறன்," என்றார். டிரெசர், "அப்ப நல்லது, பிரஷரும் நல்லாத்தான் இருக்கு," என்றார். அதைக் கதிரவேலு வீட்டில் போய், "டிரெசர் பார்த்திட்டு ஒண்டுமில்லை எண்டிட்டார்," என்று சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை நானும் அவரும் ஆபீஸ் வேலையாக அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகவேண்டியிருந்தது. படகுத்துறையை நெருங்கும்போது படகு கிளம்ப மணி அடித்துவிட்டது. ஓடினோம். நான் முன்னால், அவர் பின்னால். ஏறி உட்கார்ந்ததும் அவர் பையிலிருந்து தைலப் புட்டியை எடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் தேய்த்துக்கொண்டார். "காத்துப் பிடிச்சிட்டுது," என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து அவருக்குக் காற்று வர வழிவிட்டேன். தாடை வலிக்கிறது என்றார். பல்லாக இருக்கும் என்றேன். அக்கரை சேர்ந்து எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

சாவு வீட்டுக்கு டிரெசர் வந்தார். பாக்கியம் அக்கா எழுந்து நின்று, "நீங்கள்தானே ஒண்டுமில்லை எண்டு சொன்னனீங்கள்? நான் ஆஸ்பத்திரிக்குப் போங்கோ போங்கோ எண்டு தலைப்பாடா அடிச்சனான். உங்கட வாயை நம்பித்தானே அவர் போகேல்லை," என்று கத்தினார். கூட்டம் முழுவதும் டிரெசரையே பார்த்தது. கையைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் நாலடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருந்தால் அரை நிமிட வேலை. திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வாசகசாலைப் பக்கம் வரவே இல்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடிட் வாரம், மாத்திரை, படகு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "அந்தக் கோடு போட்டது என் புத்திகெட்டத்தனம்," என்றார் முதலில். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். "ஏன்டா, நாலு வாரம் பேய் மாதிரி தின்னுட்டு மூணு நாள் பத்தியம் இருந்தா, நீ பென்சிலத்தான் ஏமாத்துன. உள்ள ஓடுற ரத்தத்துக்கு அது சனிக்கிழமைன்னு தெரியுமா?"

நான் அழுதுவிட்டேன். அவர் என்னைத் தேற்றவில்லை. "அந்தம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா, தப்பிச்சிக்கப் பாக்குறான்னு நெனப்பாங்க. எனக்காகச் சொல்ல வேண்டாம். மகன் ஒருத்தன் இருக்கான் பாரு, சிவா. அப்பன் நாப்பத்தஞ்சுல போயிருக்கான். அந்தப் பையன் இப்பவே பார்த்து நடந்துக்கணும். அவங்க என்னை வாசப்படி ஏறவிட மாட்டாங்க. நீ சொன்னாத்தான் நடக்கும்," என்றார். சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சொல்லவில்லை. இந்த வாரம், அடுத்த வாரம் என்று போயிற்று. பார்க்கும்போதெல்லாம் டிரெசர், "சொல்லிட்டியா?" என்பார். நான் ஏதாவது சாக்குச் சொல்வேன். சில வருடங்களில் அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார். அவர் கேட்காமல் போனது எனக்கு நிம்மதியாக இருந்தது. இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் மனிதர் என்னை விடவில்லை. பலகையும் பென்சிலும் ஒழிந்தன. பெட்டி மட்டும் மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை நாளும் கிழமையும் கிடையாது. திடீரென்று ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஆட்டுக்கால் சூப்பில் ரொட்டியை முக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருவார். "கைய நீட்டு." கடையே பார்க்கும். தினம் மாத்திரை சாப்பிட வைத்தார். சிகரெட்டை விட வைத்தார். இரண்டு முறை திரும்பத் தொடங்கினேன், இரண்டு முறையும் திரும்ப விட வைத்தார். பஸ்ஸில் வந்தால் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கச் சொன்னார். "பெரிசா ஒண்ணும் செய்யாத. சின்னதா செய், ஆனா நாளைக்கும் செய்," என்பார். எனக்கு இப்போது அறுபத்திரண்டு. நான் யாருடைய பெயரைக் கெடுத்தேனோ அவர் போட்ட உயிர் இது.

போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலோடு ஒட்டிப்போயிருந்தார். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. பழைய கதையெல்லாம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். என் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் விரலை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சிவாவுக்கு இப்ப என்ன வயசு?" முப்பத்தெட்டு இருக்கும் என்றேன். அவர் என் கையை விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் பேச்சு மாறிவிடும் என்ற பயம். "பதினாறு வருசம் அந்த மனுசனை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறன். கோயில் வாசல்ல வச்சுக்கூட ஏசினனான். ஒரு நாள் எண்டாலும் திருப்பிக் கதைச்சவரே?" என்றார் அக்கா. பிறகு, "மூண்டு நாளைக்கு முன்னம் வரைக்கும் அவர் உயிரோட இருந்தவர், கோபால். நீங்கள் அப்ப எண்டாலும் வந்திருக்கலாம்," என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் சிவா உள்ளே வந்தான். சிம்பாங் அம்பாட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மாடிப்படி ஏறி வந்தவன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அப்பனின் அதே தோள், அதே தொப்பை, சட்டைப் பையில் சிகரெட் பெட்டி. நெஞ்சை நீவிக்கொண்டு, "ஒண்ணுமில்ல அங்கிள், கேஸ். ரெண்டு நாளா ஷிஃப்ட் வேலை, தூக்கமில்லலா," என்று சிரித்தான். அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். இருவரும் அந்தச் சிரிப்பை முன்பே பார்த்திருக்கிறோம்.

பெரியாஸ்பத்திரிக்கு இப்போதே போகலாம் என்றேன். "இன்னிக்கு வேணாம் அங்கிள். அடுத்த வாரம் வர்றேன். நாலு நாள் உப்பு, சிகரெட்டெல்லாம் கொறைச்சிட்டு, நல்லாத் தூங்கிட்டு வந்தா ரிசல்ட் நல்லா இருக்கும்," என்றான் சிவா. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இவனுக்கு? ஒருவரும் இல்லை. அவன் தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாகக் கீழே இறக்கி, டாக்சியில் ஏற்றினேன். அக்காவும் வந்தார். கிளம்பும்போது என் காதோடு, "அவனுக்கும் நீங்களே சொல்லுங்கோ," என்றார். வழியெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். சிவா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். சொல்லவில்லை.

அவசரப் பிரிவில் ஒரு தமிழ்ப் பெண் டாக்டர். சின்ன வயது. கட்டிலில் படுக்கவைத்து, கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டே, "அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். நாப்பத்தஞ்சு வயசுல ஹார்ட் அட்டாக்."

"அப்பாவுக்கு பிரஷர் இருந்துச்சா?"

"இல்ல டாக்டர்," என்றான் சிவா. "மாசாமாசம் செக் பண்ணுவாரு. எப்பவும் நார்மல்தான். சாகறதுக்கு நாலஞ்சு நாளைக்கு முன்னகூட நார்மல்."

டாக்டர் அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார்.

சவரிமுத்து அண்ணன் என்னிடம் விட்டுப்போனது ஒரே ஒரு வேலை. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். பதினாறு வருடம் தாமதமாக, அந்த இடத்தில்தான் அதைக் கையில் எடுத்தேன்.

"இருந்துச்சு டாக்டர்," என்றேன். "அவருக்கு பிரஷர் இருந்துச்சு. மாத்திரை கொடுத்து அதை மறைச்சது நான்."

சிவா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. அளவுமானியைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். பட்டையை அவிழ்க்காமல், மறுபடியும் காற்றடிக்க ஆரம்பித்தார்.